மேடைக்கு வராதவர்களையும் எடுங்கள்

முதல் கல்யாண ஆர்டர் கைக்கு வந்ததும் இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்பது, "என்ன லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். பதில் சுருக்கமானது. 24–70 ஒன்று, 70–200 ஒன்று, இரண்டும் எஃப் 2.8. கையில் அவ்வளவு காசு இல்லையென்றால் எஃப் 1.8 திறப்புள்ள 50 எம்.எம். லென்ஸை வாங்கிக்கொண்டு, 70–200ஐ முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். இதற்கு மேல் லென்ஸைப் பற்றி யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். அந்த நேரத்தில் கல்யாண வீட்டுக்குப் போய், "உங்கள் வீட்டில் யார் யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள்.

மணமேடையில் நிற்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இன்று மண்டபத்தில் இருக்கும் அத்தனை செல்போன்களும் எடுக்கின்றன. அவற்றில் பல படங்கள் நன்றாகவே வருகின்றன. அப்படியிருந்தும் நம்மை அழைத்துப் பணம் கொடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. திரும்ப வராத நொடியைத் தவறவிடாமல் எடுத்துக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை ஒன்று. யாரும் செல்போனைத் திருப்பாத பக்கத்தையும் பார்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இன்னொன்று. முதலாவதை வாய்விட்டுச் சொல்வார்கள். இரண்டாவதை அன்றைக்கு அவர்களுக்கே சொல்லத் தெரியாது. சில வருடம் கழித்து ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது வெளிப்படும்.

"அப்பா தவறிட்டாருங்க. தங்கச்சி கல்யாணத்துல எடுத்த படம் ஏதாவது இருந்தா பெருசு பண்ணிக் கொடுங்க, மாலை போட்டு மாட்டணும்." இந்த வார்த்தையைக் கேட்காத ஸ்டுடியோ தமிழ்நாட்டில் இருக்காது. ஹார்டு டிஸ்கை எடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு குரூப் போட்டோ. அதில் மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். அதைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும். பெண்ணின் மெஹந்தியை நாற்பது கோணத்தில் எடுத்தவர்கள், பெண்ணின் தாத்தாவை ஒருமுறைகூட தனியாக எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் ஆலோசனை இதுதான்: கல்யாணத்துக்கு வந்திருக்கும் இரு வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக, நெருக்கமாக, முகம் முழுதும் தெரிய எடுத்துவிடுங்கள். அவர்களை மேடைக்கு வரவழைக்க வேண்டியதில்லை. முட்டி வலியோடு படி ஏறவும் மாட்டார்கள். பெரும்பாலும் பந்தி நடக்கும் கூடத்துக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கவாட்டில் வாசலோ ஜன்னலோ இருந்தால் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கமாக விழும்படி செய்யுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்; மூக்குக் கண்ணாடியில் அடித்துவிடும். கண்ணாடியைக் கழற்றவும் சொல்லாதீர்கள். கண்ணாடி போட்ட முகம்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கண் உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். "சிரிங்க" என்று சொன்னால் உதட்டை இழுத்துக்கொண்டு விறைப்பாகிவிடுவார்கள். "பாட்டி, உங்களுக்குக் கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து எடுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி நடக்கும் நேரம் இதற்குத் தோதானது.

இன்னொருவரையும் தேடிப் போக வேண்டும். கணவரை இழந்த தாய், தன் மகளின் கல்யாணத்திலேயே மணவறைப் பக்கம் வராமல் ஒதுங்கி நிற்கும் வழக்கம் நம்மிடம் பல குடும்பங்களில் இன்னும் போகவில்லை. சித்தப்பாவும் சித்தியும் தம்பதியாக நின்று தாரை வார்த்துக் கொடுப்பார்கள். பெற்றவர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு இந்த வழக்கத்தில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அதை மண்டபத்தில் வாதம் செய்ய நமக்கு இடமில்லை என்பதும் தெரியும். நம்மால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. தாலி கட்டும்போது இரண்டாவது கேமராவை அந்தத் தாயின் முகத்துக்குத் திருப்பச் சொல்லலாம். சடங்கெல்லாம் முடிந்து பெண் உடை மாற்றும் அறைக்குப் போகும்போது, தாயையும் மகளையும் சேர்த்து நாலு படம் எடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தப் பெண் ஆல்பத்தில் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இதெல்லாம் மண்டபத்தில் வைத்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை. அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே இரு வீட்டாரோடும் தனித்தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பத்திரிகை பாதி விவரத்தைத் தானே சொல்லிவிடும்: தாத்தா பாட்டி யார், யார் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றோ 'தெய்வத்திரு' என்றோ இருக்கிறது, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள். மீதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாய்மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார்? சீர் எந்த வாசல் வழியாக வருகிறது? நாத்தனார் முடிச்சுப் போடப்போவது எந்த அக்கா? யாருக்கு உடம்பு முடியவில்லை? யார் வெளிநாட்டிலிருந்து வந்து மறுநாளே கிளம்புகிறார்கள்? யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பியை "ரெண்டு பேரும் பக்கத்துல வாங்க சார்" என்று எல்லோர் முன்னாலும் மேடையில் கூப்பிட்டால் சங்கடம் அவர்களுக்கு மட்டும் இல்லை. கேட்டுத் தெரிந்ததை உங்கள் உதவியாளரைத் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள். இரு வீட்டிலும் விவரம் தெரிந்த அத்தையோ சித்தியோ ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால், மண்டபத்தில் முகங்களைக் காட்டிக் கொடுப்பார்.

இனி திரும்ப வராத அந்த நொடி. பத்திரிகையில் 'காலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்' என்றிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாலி கழுத்தில் ஏறுவது சில விநாடிகள். எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சடங்கு தொடங்கும் முன்பே ஐயரிடம் போய் வணக்கம் சொல்லி, எந்த வரிசையில் செய்யப்போகிறார், எந்தப் பக்கம் நின்றால் அவருக்கு இடைஞ்சல் இருக்காது என்று கேளுங்கள். கேட்டவருக்கு அவர் உதவுவார். அதன்பிறகு கண்ணை வைக்க வேண்டியது தாலித் தட்டின் மேல். தேங்காய் மேல் வைத்த தாலி பெரியவர்களின் ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வரும். கூடவே அட்சதையும் கொடுத்துக்கொண்டு வருவார்கள். தட்டு மேடைக்குத் திரும்பும்போது நீங்கள் உங்கள் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பின் நகரக் கூடாது. ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கையசைப்பார். கெட்டிமேளம். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிடுவார்கள், செல்போன்கள் தலைக்கு மேலே போய்விடும், அட்சதை பறக்கும்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டால் படம் இல்லை. அவர் எந்தப் பக்கமாகக் குனிவார் என்று பார்த்து, அவர் கையும் பெண்ணின் முகமும் சேர்ந்து தெரியும் பக்கத்தைப் பிடியுங்கள். பெண் தலை குனிந்திருப்பார், ஆகவே நீங்கள் இன்னும் தாழ்ந்து உட்கார வேண்டும். பின்னால் நாத்தனார் மாலையையும் ஜடையையும் தூக்கிப் பிடித்திருப்பார். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் அவர் போடுவது பல சமூகங்களில் வழக்கம். அந்தக் கைகளையும் விடாதீர்கள். பிராமணக் கல்யாணத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பார், அப்பாவின் முகமும் ஃப்ரேமுக்குள் வரும் இடம் வேண்டும். ஃபோகஸ் புள்ளியைப் பெண்ணின் முகத்தில் நிறுத்தி வையுங்கள். தானாகத் தேட விட்டால் கேமரா அட்சதையையோ ஹோமப் புகையையோ பிடித்துக்கொள்ளும். புகை இருக்கும்போது கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷை நேராக அடித்தால் எல்லாம் வெள்ளைத் திரையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும், அல்லது ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஃப்ளாஷை முழு சக்தியில் வைத்தால் அடுத்த ஷாட்டுக்குச் சார்ஜ் ஏற நேரமாகும், அதற்குள் முடிச்சு விழுந்துவிடும். பாதி சக்தியோ கால் பங்கோ போதும். எடுத்த படத்தைத் திரையில் பார்க்காதீர்கள். அடுத்த மூச்சிலேயே நெற்றி வகிட்டில் குங்குமம் வைப்பார்.

இரண்டாவது ஆள் 70–200ஓடு நடுப்பாதையில் ஸ்டூல் போட்டு நிற்கட்டும். அவருக்கு ஒரே வேலைதான், பெற்றவர்களின் முகம். தாலி ஏறும் நொடியில் அப்பாவும் அம்மாவும் கேமராவை மறந்திருப்பார்கள்.

இங்கே எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். வந்தவர்கள் போடும் அட்சதை கேமராக்காரர்களின் முதுகில் விழும் கல்யாணங்கள் பெருகிவிட்டன. வீடியோ இருவர், கேண்டிட் இருவர், ட்ரடிஷனல் ஒருவர், லைட் பிடிப்பவர்கள் என்று மேடை முழுக்க நாமே நின்றால், ஊரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த பெரியம்மா எதைப் பார்ப்பார்? தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் இருவருக்கு மேல் நிற்க வேண்டாம், அவர்களும் உட்கார்ந்தே எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரர்களோடு முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு ஷாட் குறைந்தாலும் பரவாயில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். இன்றைய மண்டபங்களில் பெரிய தொல்லை எல்.இ.டி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சத்தமே இல்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசமாகும், மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைத்திருந்தால், கூட்டம் வரும் முன்பே போய் நாலு வேகத்தில் எடுத்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏற்றப் பயப்பட வேண்டாம். குருணை விழுந்த படத்தைச் சாஃப்ட்வேரில் சரி செய்யலாம், கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நம் கல்யாணங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று வெள்ளை வேட்டி சட்டை. ஃப்ரேம் முழுக்க வெள்ளை நின்றால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், மாநிற முகங்கள் கறுத்துப் போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். மாலை ரிசப்ஷனில் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு போட்டு இருட்டான மேடையில் நிற்கும்போது நேர்மாறாக நடக்கும், அப்போது குறைக்க வேண்டும். அரக்குச் சிவப்புப் பட்டில் இன்னொரு ஆபத்து. மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகக் காட்டும்போதே சிவப்பு நிறம் மட்டும் எல்லை மீறி, புட்டாவும் மடிப்பும் தெரியாமல் புடவை ஒரே திட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டில் கணிசமான காசு போட்டவர்கள், ஜரிகை வெளுத்துப் போன படத்தைப் பார்த்தால் வருந்துவார்கள்.

எடிட்டிங்கில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல நினைக்கிறேன். முகத்தை வெளுக்காதீர்கள். "கொஞ்சம் கலரா ஆக்கிக் கொடுங்க தம்பி" என்று வீட்டாரே கேட்பார்கள். கேட்காமலே செய்து கொடுக்கும் கடைகளும் உண்டு. பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், பக்கத்தில் நிற்கும் அம்மா வேறொரு நிறம் என்று ஆல்பம் முழுக்கப் போகும். கறுப்பாக இருக்கும் பெண்ணை அவள் கல்யாண ஆல்பத்திலேயே வேறு யாரோவாக மாற்றுவது அவமதிப்பு. வீடியோ லைட்டின் மஞ்சள் ஒரு பக்கம், ஃப்ளாஷின் வெள்ளை ஒரு பக்கம் என்று கலந்து விழுவதால்தான் பாதி முகங்கள் சோர்ந்து தெரிகின்றன. ஃப்ளாஷின் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி இரண்டு வெளிச்சத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பும் மாநிறமும் அதனதன் அழகோடு வரும். அந்தப் படத்தைக் காட்டியபின் "வெளுப்பாக்குங்க" என்று கேட்பவர்கள் குறைவு.

எல்லாக் கல்யாணமும் ஒரே வரிசையில் நடப்பதில்லை. சுயமரியாதைத் திருமணத்தில் ஹோமமோ கெட்டிமேளமோ உங்களுக்கு முன்னறிவிப்புத் தராது. தலைமை தாங்குபவர் பேசி முடித்து மாலையையோ தாலியையோ எடுத்துக் கொடுப்பதுதான் அடையாளம். 1967இல் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தின்படி, உற்றார் உறவினர் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் திருமணம் செல்லும் என்பதால், அந்த முன்னிலையில் இருப்பவர்களையும் சேர்த்து எடுங்கள். தேவாலயத்தில் ஃப்ளாஷ் அடிக்கலாமா, பீடத்துக்கு எவ்வளவு பக்கம் போகலாம் என்று பாதிரியாரிடம் கேட்காமல் கேமராவை எடுக்க வேண்டாம். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இந்தத் தொழிலில் பெண்கள் இன்னும் நிறைய பேர் வர வேண்டும் என்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

படம் எடுப்பதைவிட எடுத்ததைக் காப்பது பெரிய பொறுப்பு. இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். 256 ஜி.பி. கார்டு ஒன்றை நம்புவதைவிட 64 ஜி.பி. கார்டுகள் நான்கு பாதுகாப்பு. நிரம்பிய கார்டைப் பையில் போடாதீர்கள், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் பை காணாமல் போவது புதிதல்ல. போனால் கேமராவை வாங்கிவிடலாம். வீட்டுக்குப் போனதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றி, அதில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற இந்த முறையைப் பரப்பிய பீட்டர் க்ரோக் நம்மைப் போல ஒரு போட்டோகிராபர்தான். ஆல்பம் கை மாறும் வரை கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம். இன்னொன்று, சின்ன விஷயம்: கிளம்பும் முன் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு நடந்ததாகப் படங்கள் வரிசையாகும். பிரித்தெடுக்க ஒரு நாள் போகும்.

பேச்சை எழுத்தில் வையுங்கள். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எத்தனை ஆல்பம், 12×36 ஷீட் எத்தனை, கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை, தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னாகும், உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார். முகூர்த்தத் தேதிகள் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நெருக்கமாக வரும், ஆடியும் மார்கழியும் காலியாக இருக்கும். அந்த நெருக்கடியில் ஒரே நாளில் இரண்டு ஆர்டர் ஒத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளை அனுப்பி வைக்காதீர்கள். பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள்: புக்கிங்கில் ஒன்று, கல்யாணத்தன்று ஒன்று, ஆல்பம் கொடுக்கும்போது ஒன்று. டிரோன் பறக்கவிடுவதாக இருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காக இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் உள்ளவரையே அழைத்து வாருங்கள்.

சட்டத்தில் நம்மில் பலருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். எடுத்தது நான், என் இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்று சொல்ல முடியாது. விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதியே கிடைத்தாலும், மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்த சிறுமிகளின் படங்களைப் பொதுவில் போடாதீர்கள். அனுமதி கொடுப்பது பெற்றோர், பள்ளிக்கூடத்தில் மறுநாள் முகம் கொடுக்க வேண்டியது அந்தப் பிள்ளை.

கடைசியாக ஆல்பம். கல்யாணம் முடிந்து குழந்தையே பிறந்துவிட்டது, ஆல்பம் இன்னும் வரவில்லை என்ற புகார் நம் தொழிலுக்கே கெட்ட பெயர். பாதித் தவறு படம் தேர்ந்தெடுத்துத் தராத வீட்டாருடையது. மூவாயிரம் படத்தை அப்படியே பென் டிரைவில் கொடுத்து "செலக்ட் பண்ணுங்க" என்றால் யாராலும் முடியாது. நீங்களே கழித்துக்கட்டி, நானூறு ஐந்நூறு படமாகக் குறைத்துக் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் தேர்வு வராவிட்டால் உங்கள் தேர்வில் ஆல்பம் அடிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். நாள் குறித்து, அந்த நாளில் கொடுங்கள்.

ஆல்பத்துக்குக் காத்திருக்காமல் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. தாத்தா பாட்டிகளைத் தனியாக எடுத்தீர்களே, அந்தப் படங்களைப் பிரிண்ட் போடுங்கள். 4×6 அளவு போதும். வாட்ஸ்அப் லிங்க்கைத் திறக்கத் தெரியாதவர்கள் அவர்கள். படத்தை ஒரு கவரில் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதிக் கல்யாண வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதற்கு மட்டும் காசு வாங்காதீர்கள்.